துணைவர் வந்து சேர்ந்தால் யூசி வாடகைப் பணமும் கவுன்சில் வீடும் என்ன ஆகும்?

ஒற்றைப்பனை:

வணக்கம். இடம் இங்கிலாந்து, லண்டனுக்கு வெளியே. கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) ஒரு படுக்கையறை ஃபிளாட், 2016இலிருந்து என் பெயரில் மட்டும், செக்யூர் டெனன்சி (சட்டப் பாதுகாப்புள்ள வாடகைக் குடியிருப்பு உரிமை). வாடகை மாதம் 520 பவுண்ஸ். வயது 31, பிள்ளைகள் இல்லை. பகுதிநேர வேலையில் கைக்கு 700 வருகிறது. யூனிவர்சல் கிரெடிட் (யூசி, குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் உதவிப்பணம்) 535.14.

துணைவருக்கு 29. முழுநேர வேலை, கைக்கு 1,900, சேமிப்பு 9,000. பலர் பகிர்ந்து இருக்கும் தனியார் வீட்டில் ஒரு அறை, மாதம் 650. எழுத்து (கல்யாணப் பதிவு) இன்னும் நடக்கவில்லை.

மூன்று வழி தெரிகிறது. அவர் என்னிடம் வருவது, நான் அவர் அறைக்குப் போவது, இரண்டையும் விட்டுவிட்டு 1,200க்குத் தனியார் ஃபிளாட் எடுப்பது. யூசி எவ்வளவு குறையும்? கிழமைக்கு மூன்று இரவு வரை தங்கினால் அறிவிக்கத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா? டெனன்சியில் அவர் பெயரையும் போட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

முதலில் அந்த மூன்று இரவுக் கதையை எறிந்துவிடுங்கள். சட்டத்தில் இரவுக் கணக்கே கிடையாது. கணவன் மனைவி போல ஒரே வீட்டில் வாழ்கிறீர்களா என்பதுதான் கேள்வி. டிடபிள்யூபி (யூசியை நடத்தும் அரச திணைக்களம்) பார்ப்பது: ஒரே குடித்தனமா, காசு எப்படிப் புழங்குகிறது, உறவு நிலையானதா, தாம்பத்திய உறவு உண்டா, பிள்ளைகளைச் சேர்ந்து வளர்க்கிறீர்களா, வெளியில் உங்களை ஜோடியாக அறிகிறார்களா. இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு எடுப்பதில்லை. கிழமைக்கு நாலு இரவு வந்து தங்குகிறவருக்கு வேறிடத்தில் உண்மையான வீடு இருந்தால் அது தம்பதி ஆகாமல் போகலாம். கிழமைக்கு இரண்டு இரவே வந்தாலும், மற்ற நாட்கள் லொறியில் தூங்குகிறவருக்கு உங்கள் முகவரிதான் வீடு என்றால் நீங்கள் தம்பதிதான். அவருடைய கார் இன்சூரன்ஸ், வங்கி, வேலைத்தளம் எல்லாம் எந்த முகவரியை வைத்திருக்கின்றன என்பதுதான் பிறகு விசாரணையில் மேசைக்கு வரும்.

இனிக் கணக்கு. எல்லாம் 2025-26 தொகைகள்.

இப்போது: 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு அடிப்படை 400.14, வாடகை 520, மொத்தம் 920.14. வேலை வருமானத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழியும். பிள்ளையோ, வேலைத்திறன் குறைவு என்ற மதிப்பீடோ இல்லாதபடியால் வேர்க் அலவன்ஸ் (கழிவில்லாமல் விடும் சம்பளப் பகுதி) உங்களுக்கு இல்லை. முதல் பவுணிலேயே கழிவு தொடங்கும். 700இல் 385 கழிந்து 535.14. உங்கள் கணக்கு சரி.

அவர் வந்தபின்: தம்பதி அடிப்படை 628.10, வாடகை 520, மொத்தம் 1,148.10. இருவர் சம்பளம் 2,600. அதில் 55 வீதம் 1,430. கழிவே மொத்தத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே யூசி பூச்சியம். சேமிப்பைப் பார்க்கவே தேவை வராது. ஆனால் அவர் வேலை குறைந்தால் வரும்: 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் 4.35 வருமானமாக எடுப்பார்கள், 9,000க்கு அது மாதம் 52.20. இருவர் சேமிப்பும் சேர்த்து 16,000ஐத் தாண்டினால் யூசியே இல்லை. இந்த வாடகையில், இந்தச் சேமிப்போடு, இருவர் சம்பளமும் சேர்ந்து ஏறத்தாழ 1,992ஐத் தொடும்போது யூசி அறுந்துபோகும்.

குடும்பமாகப் பார்த்தால் நட்டமில்லை. இப்போது வாடகை போக உங்களிடம் 715, அவரிடம் 1,250, மொத்தம் 1,965. சேர்ந்தபின் 2,600இல் 520 போக 2,080. உங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால்தான் பயம். உங்கள் 700இல் 520 வாடகை போனால் கையில் 180. வாடகைக்குச் சட்டப்படி பொறுப்பு நீங்கள், அதைக் கட்டும் அளவுக்குச் சம்பளம் அவரிடம். இந்த இடைவெளியில்தான் முதல் இரண்டு மாதத்திலேயே பலருக்கு வாடகை பாக்கி விழுகிறது. யூசியிலிருந்து வாடகை நேரே கவுன்சிலுக்குப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். அவர் வருகிற மாதமே உங்கள் வாடகைக் கணக்கு இலக்கத்துக்கு அவர் வங்கியிலிருந்து ஸ்டாண்டிங் ஓர்டர் போடச் சொல்லுங்கள். வாடகையை யாரும் கட்டலாம், கட்டுவதால் மட்டும் அவர் டெனன்ட் ஆகிவிட மாட்டார்.

கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்கான உள்ளூராட்சி வரியில்) தனியாள் கழிவு 25 வீதம் அவர் வந்த நாளிலிருந்து போகும். யூசிக்கு அறிவித்தது கவுன்சிலுக்கும் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். 21 நாளுக்குள் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 70 பவுண்ஸ் தண்டம் போடலாம். தம்பதியாக வாழ்ந்தால் டெனன்சியில் பெயர் இல்லாவிட்டாலும் கவுன்சில் டாக்ஸுக்கு இருவரும் சேர்ந்தே பொறுப்பு.

மூன்றாவது வழிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். தனியார் வீட்டுக்கு முழு வாடகையும் தரமாட்டார்கள், அந்தப் பகுதியின் எல்எச்ஏ வீதம் (தனியார் வாடகை உதவிக்கு அரசு வைத்த உச்சவரம்பு) வரைக்கும்தான். அது 2024 ஏப்ரலுக்குப் பிறகு உயரவில்லை, சந்தை வாடகை உயர்ந்துகொண்டே போகிறது. உதாரணத்துக்கு உங்கள் பகுதியில் ஒரு படுக்கையறை வீதம் 900 என்று வையுங்கள்: 628.10உடன் 900 கூட்டி, 1,430உம் 52.20உம் கழித்தால் மிஞ்சுவது 45.90. வாடகை 1,200 கட்டியபின் கையில் 1,445.90. கவுன்சில் ஃபிளாட்டில் 2,080. மாதம் 634 வித்தியாசம். தபால் குறியீட்டைப் போட்டு உங்கள் பகுதியின் உண்மையான வீதத்தை அரசாங்க இணையத்தளத்தில் பாருங்கள்.

35 வயதுக்குக் கீழே தனியாக இருப்பவருக்குத் தனியார் வீட்டில் பகிர்ந்த அறை வீதம்தான் தருவார்கள், தம்பதியானால் ஒரு படுக்கையறை வீதம். இருவருமே தனியார் வாடகையில் இருந்து, சம்பளமும் குறைவென்றால், சேர்வது யூசியைக் கூட்டவும் செய்யலாம். உங்களுக்கு அது பொருந்தாது, வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

மூன்றாம்மாடி:

காசுக் கணக்கு மேலே வந்துவிட்டது. டெனன்சி வேறு விதி. பெனிபிட்டுக்கு யார் கையெழுத்து வைத்தார்கள் என்பது பொருட்டே இல்லை, எப்படி வாழ்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். டெனன்சிக்கு எப்படி வாழ்கிறீர்கள் என்பது ஏறக்குறைய பொருட்டில்லை, கையெழுத்துத்தான் எல்லாம். இரண்டையும் குழப்பித்தான் ஆட்கள் வீட்டை இழக்கிறார்கள்.

கவுன்சில் ஃபிளாட்டை விடாதீர்கள். செக்யூர் டெனன்சியை நீங்களாகவே எழுதிக்கொடுத்துவிட்டுப் போய், ஆறு மாதத்தில் பிரிந்து, வீடில்லை என்று அதே கவுன்சிலிடம் திரும்பி வந்தால், 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டப்படி நீங்களே வேண்டுமென்று வீடற்றவர் ஆனீர்கள் என்று முடிவெடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. பிள்ளையும் நோயும் இல்லாத 31 வயதுக்காரருக்கு முன்னுரிமைத் தேவை என்று காட்டுவதே கஷ்டம்.

ஃபிளாட்டை வைத்துக்கொண்டு நீங்கள் அவர் அறையில் போய் இருந்து பார்க்கலாமே என்றும் தோன்றும். அதுவும் கூடாது. செக்யூர் டெனன்சி நிற்பதே அந்த வீடு உங்கள் ஒரே வீடாகவோ முதன்மை வீடாகவோ இருக்கும்வரைதான். இடையில் முழு ஃபிளாட்டையும் தெரிந்த ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் அந்த உரிமை போனது போனதுதான், திரும்பாது. 2013 சட்டத்துக்குப் பிறகு அது குற்றவழக்கும்கூட. போதாததற்கு, பகிர்ந்த வீட்டு அறைக்கு இரண்டாவது ஆளாகப் போவதும் லேசில்லை. லைசன்ஸ் உள்ள பகிர்வு வீட்டில் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீற்றர், இரண்டு பெரியவர்களுக்கு 10.22. ஒற்றை அறையில் ஜோடியை விட்டால் வீட்டுக்காரர் லைசன்ஸ் நிபந்தனையை மீறியவர் ஆவார்.

ஆகவே பரீட்சித்துப் பார்ப்பதென்றால் அவர் உங்களிடம் வரட்டும். ஒரு படுக்கையறையில் ஒரு ஜோடி நெரிசலும் இல்லை, படுக்கையறை வரியும் (மேலதிக அறைக்காக வாடகை உதவியைக் குறைப்பது) இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள், வீட்டில் ஆள் கூடினால் அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். ஒரு மின்னஞ்சல் போதும், பதிலைச் சேமித்து வையுங்கள்.

பெயர் சேர்ப்பதற்கு வருவோம். டெனன்சியில் ஒரு பெயரைச் சொருகுவது என்று ஒன்று கிடையாது. பழைய தனி டெனன்சி முடிந்து புதிய கூட்டு டெனன்சி பிறக்கும். எந்த வகை டெனன்சி தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள். பல கவுன்சில்கள் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கும், வாடகை பாக்கி இருந்தால் மறுக்கும்.

கூட்டு டெனன்சி ஆனபின் ஒருவர் வைக்கிற பாக்கி முழுவதுக்கும் மற்றவரும் பொறுப்பு. அதைவிடப் பெரியது: இருவரில் ஒருவர் தனியாக நோட்டீஸ் கொடுத்தாலே டெனன்சி இருவருக்கும் முடிந்துவிடும், மற்றவரைக் கேட்கத் தேவையில்லை. 1991இல் பிரபுக்கள் சபை ஹாமர்ஸ்மித் வழக்கில் தீர்த்துச் சொன்ன விதி, இன்றும் அதுதான். கோபத்தில் எழுதிய நாலு கிழமை நோட்டீஸ் ஒன்று வீட்டையே கொண்டுபோய்விடும்.

எனக்கு ஏதாவது நடந்தால் அவருக்கு வீடு கிடைக்க வேண்டுமே என்ற கவலையில்தான் பலர் பெயர் சேர்க்கிறார்கள். அதற்குத் தேவையில்லை. 2012 ஏப்ரல் 1க்குப் பிறகு தொடங்கிய செக்யூர் டெனன்சியில், டெனன்ட் இறக்கும்போது அந்த வீட்டையே தன் வீடாகக் கொண்டு கணவன் மனைவி போல வாழ்ந்த துணைவருக்குச் சட்டப்படியே டெனன்சி போகும், எழுத்து நடக்காவிட்டாலும். உங்களுடையது 2016, ஆகவே பொருந்தும். இப்படி ஒரு தடவைதான் கைமாறலாம். கூட்டு டெனன்சியில் ஒருவர் இறந்து மற்றவர் தொடர்வதும் அந்த ஒரு தடவையாகவே எண்ணப்படும்.

என் அபிப்பிராயம்: முதல் ஒரு வருடம் தனிப் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமல், டெனன்சியிலும் பெயரில்லாமல் இருப்பவர் உங்கள் அனுமதியில் தங்குகிறவர் மட்டுமே, நியாயமான கால அவகாசம் கொடுத்து நீங்கள் போகச் சொல்லலாம். கனகாலம் சேர்ந்திருந்தால் மனைவிக்குச் சமம் என்று நம் ஆட்கள் நம்புகிற உரிமை இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை. எழுத்து நடந்துவிட்டால் கதை வேறு. 1996 குடும்பச் சட்டத்தின் வீட்டுரிமை பெயரில்லாத துணைக்கும் வந்துவிடும், நீதிமன்றம் போகாமல் வெளியேற்ற முடியாது. பிரிவின்போது டெனன்சியை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றும் அதிகாரம் அதே சட்டப்படி நீதிமன்றத்துக்கு உண்டு, அதைக் கல்யாணமாகாத ஜோடியும் கேட்கலாம்.

பிறகு பெரிய வீடு தேவைப்பட்டால் டெனன்சியை விட வேண்டியதில்லை. வேறொரு கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் (இலாபநோக்கற்ற வீட்டு நிறுவனம்) டெனன்ட்டோடு வீடு மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எழுத்துமூல அனுமதி மட்டும் முன்கூட்டியே வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே 2019 நவம்பரிலிருந்து, கல்யாணமாகாத துணைவர் வீட்டில் இருக்கிறார் என்று வீட்டுக்காரருக்கு அறிவித்து 12 மாதம் ஆகியிருந்தால்தான் டெனன்சி கைமாறும்.

ஒற்றைப்பனை:

மிக்க நன்றி இருவருக்கும். ஒரு சந்தேகம். அவரை லொட்ஜர் (என் வீட்டில் அறை எடுத்து வாடகை தருபவர்) என்று எழுதி, மாதம் 300 வாடகை தருவதாக ஒப்பந்தம் போட்டால்? லொட்ஜர் வருமானத்தை யூசியில் எடுப்பதில்லை என்று வாசித்தேன்.

கணக்குப்பிள்ளை:

வாசித்தது சரி, உங்களுக்குப் பொருந்தாது. லொட்ஜர் தரும் வாடகையை யூசி எடுப்பதில்லைதான், ஆனால் துணைவர் லொட்ஜர் ஆக முடியாது. ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் லொட்ஜர் எங்கே தூங்குகிறார் என்ற முதல் கேள்வியிலேயே அந்தக் காகிதம் கிழிந்துவிடும். போலி ஒப்பந்தம் பிறகு மறதி அல்ல, மோசடி என்பதற்குச் சாட்சியாக மாறும். அறிவிக்காமல் ஒரு வருடம் போனால் 535.14 வீதம் 6,421.68 திருப்பிக் கட்ட வேண்டும். மோசடி என்று எடுத்தால் வழக்குக்குப் பதிலாக அதன் பாதி, அதாவது 3,210.84, மேலதிகத் தண்டமாகக் கேட்கலாம். வழக்குப் போடவும் முடியும்.

உண்மையிலேயே ஜோடி இல்லாத இரண்டு நண்பர்கள் கூட்டு டெனன்சியில் இருந்தால் அவர்கள் தனித்தனி ஆட்கள்தான். வாடகையைச் சமமாகப் பிரித்து அவரவர் பங்குக்கு யூசி பார்ப்பார்கள். தனி அலமாரி, தனிச் சமையல், தனிக் கணக்கு என்று அன்றாட வாழ்க்கையில் அது தெரிய வேண்டும்.

வடலி:

வெளிநாட்டிலிருந்து விசாவில் வரும் துணைவர் என்றால் இன்னொரு முடிச்சு. ஸ்பௌஸ் விசாவில் அரச நிதி கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். அவர் வந்ததும் இருப்பவர் யூசிக்கு அறிவிக்கத்தான் வேண்டும், ஆனால் தம்பதித் தொகை தரமாட்டார்கள். தனியாளின் அடிப்படைதான், அதற்குள் இருவரின் சம்பளமும் சேமிப்பும் கழியும். கூடாத பக்கம் இரண்டும் சேர்ந்து வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாள் தொகையோடு நிறுத்துவதால் வந்தவரின் விசாவுக்குப் பிரச்சினை இல்லை. தவறுதலாகத் தம்பதித் தொகை விழுந்தால் செலவழிக்காமல் உடனே ஜேர்னலில் (யூசி ஓன்லைன் கணக்கின் செய்திப்பகுதியில்) எழுதுங்கள்.

தனியார் வீடு எடுப்பவர்களுக்கு: ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கப்போகும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ரைட் டு ரென்ட் சோதனை (குடிவரவு நிலைப்படி வாடகைக்கு இருக்கலாமா என்ற சோதனை) உண்டு, ஈ-விசாக்காரர் தன் விசா நிலையைக் காட்டும் ஷெயார் கோட் கொடுக்க வேண்டும். இருக்கிற டெனன்சியில் ஆள் சேர்த்து எழுத ஏஜென்ட் கேட்கக்கூடியது 50 பவுண்ஸ், அதற்கு மேல் என்றால் உண்மையில் ஆன செலவைக் காட்ட வேண்டும். டிபோசிட் ஆண்டு வாடகை 50,000க்குக் கீழே என்றால் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கூடாது: மாதம் 1,200 என்றால் 1,384.61. 2026 மே 1 முதல் தனியார் டெனன்சிகள் எல்லாம் முடிவுத்திகதி இல்லாதவை. டெனன்ட் இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம், காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்ஷன் 21 நோட்டீஸ் இல்லை, பெனிபிட் எடுப்பவர் என்பதற்காக மறுக்கவும் கூடாது.

துணைவருக்குச் சொந்த வீடு இருந்து நீங்கள் அங்கே போனால், அவருக்கு வாடகை தருகிறேன் என்று யூசி கேட்க முடியாது. தம்பதிக்குள் வாடகை என்ற ஒன்றை யூசி ஏற்காது.

தென்றல்74:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு 68, தனியாக அசோசியேஷன் வீட்டில், பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்கான உதவி) ஹவுசிங் பெனிபிட்டும் (வாடகை உதவி) எடுக்கிறா. 62 வயதான ஒருவரைத் துணையாக ஏற்று ஒரே வீட்டில் இருக்கப்போகிறா. இதே கணக்குத்தானா?

கணக்குப்பிள்ளை:

இது இன்னும் கடுமையானது, கையெழுத்துக்கு முன் கட்டாயம் பாருங்கள். 2019 மே 15இலிருந்து தம்பதியில் ஒருவர் பென்ஷன் வயதுக்குக் கீழே என்றால் புதிதாகப் பென்ஷன் கிரெடிட்டோ பென்ஷன்காரர் ஹவுசிங் பெனிபிட்டோ இல்லை. அவர் குடிவந்தவுடன் அம்மாவின் இரண்டும் நின்று, இருவரும் சேர்ந்து யூசிக்குப் போட வேண்டும். 2025-26இல் பென்ஷன் கிரெடிட் தனியாளுக்குக் கிழமைக்கு 227.10 வரை நிரப்பும், மாதக் கணக்கில் 984.10. யூசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து அடிப்படை 628.10, அதிலும் அம்மாவின் அரச பென்ஷன் பவுணுக்குப் பவுண் கழியும். பென்ஷன் கிரெடிட்டில் சேமிப்புக்கு உச்சவரம்பு இல்லை, யூசியில் 16,000. வாடகையும் யூசி வழியாகத்தான். அவர் பென்ஷன் வயதை அடையும்வரை இதுதான் நிலை. அவருக்கு நல்ல சம்பளம் இருந்தால் தாங்கும், இல்லையென்றால் இரண்டு வீட்டில் இருந்தபடி பழகுவதே புத்தி. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கான உதவி) எடுத்தால் அது துணைவரால் குறையாது.

ஒற்றைப்பனை:

அவர் என்னிடம் வருவது என்று முடிவு. எந்தத் திகதியில் வந்தால் நல்லது? என் மதிப்பீட்டு மாதம் (யூசி கணக்குப் பார்க்கும் மாதம்) 14இலிருந்து அடுத்த 13 வரை, 20இல் காசு விழும்.

கணக்குப்பிள்ளை:

14 அல்லது அதற்கு அடுத்த நாட்கள். யூசி நாள் கணக்கில் பிரிப்பதில்லை. 12ஆம் திகதி அவர் குடிவந்தால் அந்த மாதம் முழுவதுமே நீங்கள் தம்பதி, அதற்குள் விழுந்த அவர் சம்பளமும் சேரும், 20இல் பூச்சியம். 14இல் வந்தால் முந்திய மாதத்தின் 535.14 தனியாளாக முழுதாக வரும். ஆனால் திகதி உண்மையாக இருக்க வேண்டும். 5ஆம் திகதியே சாமான் எல்லாம் கொண்டுவந்து அறைச் சாவியையும் கொடுத்துவிட்டு, 14 என்று எழுதக்கூடாது.

அவர் அறைக்கு முதலில் நோட்டீஸ். வீட்டுக்காரர் அதே வீட்டில் வசிக்காவிட்டால் 2026 மேக்குப் பிறகு இரண்டு மாதம், வாடகை மாத முடிவோடு பொருந்த வேண்டும். வீட்டுக்காரரும் கூடவே இருந்தால் அவர் லொட்ஜர், ஒப்பந்தத்தில் உள்ளபடி. அறைக்கு அவர் கட்டும் கடைசி வாடகைக்கு யூசி எதுவும் தராது, அது சேமிப்பிலிருந்துதான்.

வந்த அன்றே ஓன்லைன் கணக்கில் சூழல் மாற்றத்தை அறிவியுங்கள். அவர் தனக்கென்று ஒரு கணக்குத் திறக்க வேண்டும், ஒருவருக்குக் கிடைக்கும் இணைப்புக் குறியீட்டை மற்றவர் தன் கணக்கில் போட்டால் இரண்டும் சேரும். பூச்சியம்தானே வரப்போகிறது என்று அவர் பகுதியை அரைகுறையாக விடாதீர்கள். சம்பளம் காரணமாக யூசி நின்று ஆறு மாதத்துக்குள் அவர் வேலை போனாலோ நீங்கள் பிரிந்தாலோ, அதே மதிப்பீட்டுத் திகதிகளோடு மீண்டும் தொடங்கலாம். பிரிந்தால் அன்றே எழுதுங்கள், முந்தின திகதிக்குக் காசு கேட்பது கஷ்டம்.